"ஆம்" என்று சொல்ல வேண்டியவர் யார்?

மனிதன் செய்யும் விசைத்தட்டல்களையும் மவுஸ் அசைவுகளையும் அவனுக்குப் பதிலாகத் தாமே செய்து முடிக்கும் ஸ்கிரிப்டுகளை விண்டோஸ் கம்ப்யூட்டருக்காக எழுதுவதை ஜீவனோபாயமாகக் கொண்டவர்களிடம், உங்கள் தொழிலில் பெரிய இடைஞ்சல் எது என்று கேட்டால், திரை சட்டென்று மங்கி, மாற்றங்கள் செய்ய இந்தச் செயலியை அனுமதிக்கிறீர்களா என்று வினவியபடி நடுவில் வந்து நிற்கும் சிறிய பெட்டியைத்தான் பெரும்பாலோர் சொல்வார்கள். அந்தப் பெட்டியைச் சத்துருவாகப் பாவிக்காமல், அதன் சுபாவத்தை அறிந்து அதற்கேற்ப நடப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

2007-ஆம் ஆண்டு விஸ்டாவோடு வெளிவந்த இந்த ஏற்பாட்டிற்கு யு.ஏ.சி. என்று பெயர். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்தவருக்குக்கூடச் சாதாரண காரியங்களுக்குக் குறைந்த அதிகாரத்தையே அளித்து, முழு அதிகாரம் வேண்டும்போதெல்லாம் கேட்டுப் பெறும்படி அது செய்கிறது. அமைப்பை யாரும் மாற்றாதவரை, அப்படிக் கேட்கும் பெட்டி நாம் வேலை செய்யும் திரையில் தோன்றுவதே இல்லை. அது வருவது பத்திரமான வேறொரு தனித் திரையில். பின்னால் மங்கலாகத் தெரிவது நம்முடைய திரையின் படம் மாத்திரமே. ஆகவே ஸ்கிரிப்ட் அனுப்பும் "என்டர்" அந்தப் பெட்டியைச் சென்று சேர்வதற்கு வழியே கிடையாது. இதை அறியாதவர்கள் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டு, கடைசியில் ரெஜிஸ்ட்ரியில் யு.ஏ.சி.யையே அணைத்துவிடும் உபாயத்திற்கு வந்து சேருகிறார்கள். பிறருடைய கம்ப்யூட்டரில் இதைச் செய்வது அக்கிரமம் என்றே நான் சொல்லுவேன்.

பெட்டியாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் நடக்கும் தடை அதைவிட விபரீதமானது. ஒரு கடையின் கணக்குப்பிள்ளை, "சார், நோட்பேடிலே அழகாக அடிக்கிறது, பில்லிங்கிலே மட்டும் ஒரு எழுத்துகூட விழமாட்டேன் என்கிறது" என்று முறையிட்டார். ஸ்கிரிப்டில் பிசகு ஏதும் இல்லை. பில்லிங் மென்பொருளை நிறுவியவர்கள் அதன் ஷார்ட்கட்டில் எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே இயங்கும்படி டிக் போட்டிருந்தார்கள். ஸ்கிரிப்டோ சாதாரண அதிகாரத்தோடு இயங்கிக்கொண்டிருந்தது. தாழ்ந்த அதிகாரத்தில் இயங்கும் நிரல் உயர்ந்த அதிகாரத்தில் இயங்கும் ஜன்னலுக்கு விசைகளை அனுப்பினால், விண்டோஸ் அவற்றைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்; இந்தக் காரணத்தால் தடுத்தேன் என்று பிழைச் செய்தியாகவோ பிழை எண்ணாகவோ தெரிவிப்பதில்லை. இத்தகைய சந்தேகம் எழும்போது டாஸ்க் மேனேஜரின் "டீடெய்ல்ஸ்" பக்கத்தில் "எலிவேட்டட்" என்னும் பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் க்ஷணத்தில் விளங்கிவிடும்.

இதற்குப் பரிகாரம், அனுமதியை ஆரம்பத்திலேயே, ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரே தடவை கேட்டுவிடுவதுதான். ஸ்கிரிப்ட் எழுதும் மொழி ஆட்டோஹாட்கீயாக இருந்தால் "ஏ_இஸ்அட்மின்" என்பதைச் சோதித்து, முழு அதிகாரம் இல்லையென்றால் "ரன்ஆஸ்" மூலம் ஸ்கிரிப்ட் தன்னையே மறுபடி துவக்கிக்கொள்ளலாம். பவர்ஷெல்லிலும் அதே வினைச்சொல்தான். "இல்லை" என்று பயனர் அழுத்தினால் விண்டோஸ் 1223 என்ற பிழை எண்ணைத் தரும். அதைப் பிடித்துக் கௌரவமாக விலகிக்கொள்ள வேண்டுமேயன்றி, திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிக்கலாகாது. அதிகாரம் தேவைப்படும் சிறு பகுதியைப் பிரித்துத் தனி ஸ்கிரிப்டாக வைத்துவிட்டால், மற்றதெல்லாம் சாதாரணமாகவே நடக்கும்.

அதிகாரம் கிடைத்த பிறகு உலகம் சற்று மாறிவிடுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நடப்பு ஃபோல்டர் பெரும்பாலும் "சிஸ்டம்32" ஆகிவிடும். ஆதலால் கோப்புகளை முழுப் பாதையோடு குறிப்பிட வேண்டும். "இசட்" டிரைவாகத் தோன்றிய நெட்வொர்க் ஃபோல்டர் காணாமற்போகக்கூடும். சர்வரின் பெயரோடு கூடிய முகவரியே நம்பத்தக்கது. சாதாரணக் கணக்கில் இருப்பவர் மற்றொருவரின் கடவுச்சொல்லைக் கொடுத்து அனுமதித்தாலோ, ஸ்கிரிப்ட் திறக்கும் "டாக்குமென்ட்ஸ்" அந்த மற்றவருடையதாக இருக்கும்.

தினந்தோறும் ஓட வேண்டிய வேலைக்கு டாஸ்க் ஷெட்யூலரில் "மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயக்கு" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெட்டி வராது. ஆனால் திரையைத் தொடும் ஸ்கிரிப்டானால், பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் இயங்கும்படி வைக்க வேண்டும். இல்லாவிடில் தட்டுவதற்குத் திரையே இராது. அந்த ஸ்கிரிப்ட் கோப்பை, சாதாரணப் பயனர்கள் திருத்த முடியாத "புரோகிராம் ஃபைல்ஸ்" போன்ற இடத்தில் வைப்பது மிகவும் அவசியம். ஏனெனில் அதைத் திருத்தக்கூடிய எவருக்கும் முழு அதிகாரமும் கைவந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பெட்டியில் உங்கள் ஸ்கிரிப்டின் பெயர் தோன்றாது. ஆட்டோஹாட்கீ என்றோ பவர்ஷெல் என்றோதான் இருக்கும். ஆகவே அதை வரவழைக்கும் முன், என்ன செய்யப்போகிறோம், எதற்காக அனுமதி கேட்கிறோம் என்று பயனருக்குப் புரியும் தமிழில் இரண்டு வரி காட்டிவிடுங்கள்.