அச்சு நூலா, மின்னூலா?

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு மாலை, முதலாண்டு மாணவன் ஒருவன் என் விடுதி அறைக்கு வந்தான். பொருளியல் பயில்பவன், தமிழ்ப் பற்று மிக்கவன். ஊரிலிருந்து டில்லிக்கு வரும்போது, புகைவண்டியில் சுமக்க இயலாதென்று தன் நூல்களையெல்லாம் வீட்டிலேயே விட்டு வந்தவன். அன்று அவன் கையில் உதவித்தொகையின் முதல் தவணை இருந்தது.

“அண்ணா, சாப்பாட்டுக் கட்டணம் போக மிச்சம் இருப்பதை நூலுக்கே செலவிடச் சொல்லியிருக்கிறார் அம்மா. இந்தப் பணத்துக்கு ஒரு மின்படிப்பான் வாங்கலாம். இல்லாவிட்டால் இருபது நூல்கள் வாங்கலாம். இரண்டும் வாங்க வழியில்லை. எதை வாங்கட்டும்?” என்று கேட்டான்.

அவனுக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. “ஒரு வாரம் பொறு தம்பி” என்றேன். அந்த ஒரு வாரத்தில் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகின்றேன். ஏனெனில், இது அவன் ஒருவனுடைய வினா அன்று. தமிழகத்துக்கு வெளியே வந்து பயிலும் நம் எல்லாருடைய வினாவும் ஆகும்.

கருவியின் இயல்பு

மின்படிப்பான் என்றால் யாது? கைப்பேசியில் நூல் படிப்பதையும் மின்படிப்பானில் படிப்பதையும் பலர் ஒன்றெனக் கருதுகின்றனர். இரண்டும் வேறு. கைப்பேசியின் திரை தானே ஒளி உமிழ்ந்து நம் கண்ணில் பாய்ச்சுவது. மின்படிப்பானின் திரையோ, புறத்தே உள்ள ஒளியை வாங்கித் திருப்பித் தருவது. தாளும் அவ்வாறே செய்கின்றது.

அத்திரையினுள்ளே மயிரிழையின் தடிப்பை ஒத்த நுண்ணிய குமிழிகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழியிலும் தெளிந்த நீர்மம் ஒன்று உண்டு. அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. அவற்றின் மின்னேற்றம் எதிரெதிரானது. ஆதலின், மின்னழுத்தத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும். மற்றது கீழே போகும். இவ்வாறு எழுத்து உருவாகின்றது. உருவான எழுத்து நிலைத்து நிற்க மின்சாரம் வேண்டுவதில்லை. பக்கத்தைத் திருப்பும்போது மட்டுமே வேண்டும். ஒரு முறை மின்னேற்றினால் பல நாள் படிக்க முடிவது இதனாலேயே. இரவில் படிப்பதற்காகச் சிறு விளக்குகளை ஓரத்தில் பொருத்திய கருவிகளே இப்போது மிகுதி.

இந்த மின்மையை உருவாக்கும் நிறுவனம் அமெரிக்காவில் 1997-இல் தோன்றியது. 2004-இல் ஜப்பானில் சோனி நிறுவனத்தார் இத்தகைய கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 2007-இல் அமேசானின் கிண்டில் வந்த பிறகே உலகெங்கும் இது பரவலாயிற்று.

ஆகவே, கண்ணுக்குக் கேடு என்று இக்கருவியை ஒதுக்குவது முறையன்று. குறை வேறிடத்தில் இருக்கின்றது.

படித்தலும் பயிலலும்

நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 2013-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். பத்தாம் வகுப்பு மாணவர் 72 பேரை இரு பிரிவாக்கி, ஒரே கட்டுரைகளை ஒரு பிரிவினருக்குத் தாளிலும் மற்றொரு பிரிவினருக்குக் கணினித் திரையிலும் கொடுத்தனர். தாளிற் படித்தவரே பொருளை நன்கு உணர்ந்திருந்தனர். 2018-இல் வெளிவந்த வேறொரு தொகுப்பாய்வு, அதற்கு முந்தைய 54 ஆய்வுகளையும் அவற்றிற் பங்கேற்ற 1,70,000-க்கு மேற்பட்டோரையும் ஒருங்கே நோக்கியது. செய்தியும் கருத்தும் நிறைந்த உரைநடையைப் படிக்கும்போதும், நேரக் கட்டுப்பாட்டுடன் படிக்கும்போதும் தாளே மேம்பட்டு நின்றது. கதை படிப்பதில் வேறுபாடு காணப்படவில்லை. தாளின் மேம்பாடு பெரிய அளவினது என்று சொல்ல முடியாது. எனினும் தேர்வு எழுதும் மாணவர்க்கு அதுவும் சிறிதன்று.

இவ்வாய்வுகள் பெரும்பாலும் கணினித் திரையைப் பற்றியவை என்று நீங்கள் தடை கூறலாம். தடை நேரியதே. கிண்டிலையே வைத்துச் செய்த ஆய்வொன்று 2019-இல் வெளிவந்தது. 50 பேருக்கு ஒரே துப்பறியும் கதையைக் கொடுத்து, சிலரை அச்சு நூலிலும் சிலரைக் கிண்டிலிலும் படிக்கச் செய்தனர். பெரும்பாலான வினாக்களுக்கு இரு சாராரும் ஒத்த விடையே தந்தனர். ஆனால் எந்த நிகழ்ச்சி முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று வரிசைப்படுத்துவதில் அச்சு நூலைப் படித்தவர் முந்தினர்.

காரணம் யாதாக இருக்கலாம்? அச்சு நூலைப் படிக்கும்போது, படித்த பக்கங்கள் இடக்கையிற் கனக்கின்றன. படிக்க வேண்டியவை வலக்கையில் மெலிகின்றன. “அந்தச் செய்தி இடப்பக்கத்தில், கீழே, ஒரு படத்துக்கு அடியில் இருந்தது” என்று நாம் நினைவு கூர்கின்றோம். பொருளோடு இடமும் மனத்திற் பதிகின்றது. மின்படிப்பானிலோ எல்லாப் பக்கமும் ஒரே பக்கந்தான்.

தமிழ் நூலுக்கே உரியவை

இதுவரை கூறியவை எம்மொழிக்கும் பொது. தமிழ் படிப்போர் எண்ண வேண்டியவை வேறு சில உள.

முதலாவது, செய்யுளின் அடி. மின்படிப்பானில் எழுத்தைப் பெரிதாக்கலாம் என்பது உரைநடைக்கு நன்மை. செய்யுளுக்கோ அதுவே தீமையாகி விடுகின்றது. திரையின் அகலத்தில் அடங்காத அடியைக் கருவி மடித்து இரண்டு வரியாக்கி விடும். நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீரால் வரும் என்று யாப்பிலக்கணத்திற் படிக்கின்றோம். அதைக் கண்ணாற் கண்டு பழக வேண்டிய மாணவன், மடிந்து கிடக்கும் வரிகளைப் பார்த்து எதனை அடியென்று கொள்வான்?

இரண்டாவது, அகராதி. ஆங்கில நூலில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்தால் பொருள் தோன்றுகின்றது. தமிழிற் சொற்கள் உருபேற்றும் புணர்ந்தும் வருவன. அகராதியில் ‘மரம்’ இருக்கும், ‘மரத்தினின்றும்’ இராது. ஆதலின் பல வேளைகளில் கருவி விழிக்கும். நாமும் அதனோடு விழிப்போம்.

மூன்றாவது, படமெடுத்த நூல்கள். பழைய நூல்கள் பல, பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டே கிடைக்கின்றன. அவற்றை ஆறங்குலத் திரையிற் பார்த்தால் எழுத்து எறும்பாகத் தெரியும். பெரிதாக்கினால் பக்கம் திரையை மீறும். எழுத்தாகத் தட்டச்சு செய்த நூல்களில் அத்தொல்லை இல்லை. ஆனால் அவற்றில் அச்சுப் பதிப்பின் பக்க எண் பெரும்பாலும் இராது. கட்டுரை எழுதும்போது மேற்கோளுக்கு இடம் காட்ட முடியாமல் தவிக்க நேரும்.

நான்காவது, உரை. சிலப்பதிகாரத்தை அரும்பத உரையோடும் அடியார்க்கு நல்லார் உரையோடும் பயில்பவன், மூலத்தில் ஒரு விரலும் உரையில் ஒரு விரலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் புரட்டுவான். இது அச்சு நூலில் எளிது, கருவியிற் கடினம்.

இனி, கருவியின் பக்கமும் கூற வேண்டும். ஒரு சொல் ஒரு நூலில் எங்கெங்கே வருகின்றது என்று தேட, மின்னூலுக்கு நிகர் இல்லை; முன்னாளிற் பல நாட்கள் எடுத்த வேலை இன்று நொடிப்பொழுதில் முடிகின்றது. பெட்டியிற் சுமக்கவொண்ணாத நூலகத்தைச் சட்டைப் பையிற் கொண்டுவர முடிகின்றது. ஊரிலே நூல்களை விட்டு வந்த மாணவனுக்கு இது சிறிய உதவியா?

வாங்கியது யாருடையது?

நாம் எளிதில் மறந்து விடுவது ஒன்றுண்டு. அச்சு நூலை விலை கொடுத்து வாங்கினால் அது நம்முடையது. தோழனுக்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம், தங்கைக்கு விட்டுச் செல்லலாம். கடையில் வாங்கும் மின்னூலோ பெரும்பாலும் நம்முடையதன்று. படிப்பதற்கு அளிக்கப்பட்ட உரிமம் மட்டுமே.

இதன் பொருள் 2009-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிப்பட்டது. ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை விற்றவருக்கு அவற்றை விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்ததும், வாங்கியோரின் கிண்டில்களிலிருந்தே அவற்றை அமேசான் நீக்கிவிட்டது. பணம் திருப்பித் தரப்பட்டது. ஆனால் பள்ளிப் பாடத்துக்காக அந்நூலைப் படித்த அமெரிக்க மாணவர் ஒருவர் எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப் போயின. அவர் வழக்கும் தொடுத்தார். நிறுவனத்தார் செய்தது தவறென்று ஒப்புக்கொண்டனர். 2019-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடிற்று. அங்கு வாங்கிய நூல்கள் அதன்பின் திறக்கவில்லை. அப்போதும் பணம் திரும்பியது. பணம் திரும்பலாம், நூல் திரும்பவில்லையே!

இக்குறை உரிமம் தீர்ந்த நூல்களுக்கு இல்லை. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால், அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல் பொதுவுடைமையாகி விடுகின்றது. அத்தகைய தமிழ் நூல்களைத் தொண்டர்கள் பலர் கூடித் தட்டச்சு செய்து, விலையின்றி வழங்கி வருகின்றனர். 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளிற் தொடங்கிய மதுரைத் திட்டம் இப்பணியின் முன்னோடி. அங்கிருந்து பெற்ற நூலை எவரும் பறிக்க மாட்டார். எத்தனை தோழருக்கும் நாம் படியெடுத்துக் கொடுக்கலாம்.

ஓலை கற்பிக்கும் பாடம்

தமிழ் நூல் உருமாறுவது இது முதன்முறை அன்று. 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. ஆயினும் நம் பழைய இலக்கியங்களிற் பல அதன்பின் முந்நூறு ஆண்டுகள் ஓலையிலேயே இருந்தன. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். 1892-இல் சிலப்பதிகாரமும் 1894-இல் புறநானூறும் அவரால் வெளிவந்தன. ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய அவர்கள் கண்டவை யாவை? செல்லரித்த சுவடிகள், முறிந்த ஓலைகள், முதலும் முடிவும் இழந்த நூல்கள். படியெடுக்கப்பட்டவை பிழைத்தன, எடுக்கப்படாதவை மாண்டன.

தாளும் அழியாப் பொருளன்று. மரக்கூழிலிருந்து மலிவாகச் செய்த தாள் சில பத்தாண்டுகளிலேயே பழுத்துப் பொடியாகின்றது. மின்னூலும் அழியாப் பொருளன்று; கருவி பழுதாகும், கடை மூடப்படும், கோப்பின் வடிவம் வழக்கொழியும். ஆதலின், ஓலை நமக்குக் கற்பிக்கும் பாடம் எது சிறந்தது என்பதன்று. ஒன்றை மட்டும் நம்பாதே. பல கைகளில், பல வடிவங்களில் நூல் இருக்கட்டும் என்பதே அப்பாடம்.

தம்பிக்குச் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்துத் தம்பி வந்தான். “எது சிறந்தது என்று கேளாதே, ஒவ்வொரு நூலைப் பற்றியும் மூன்று வினாக்களைக் கேள்” என்றேன்.

முதல் வினா: இதனை ஒரு முறை படிப்பேனா, பல முறை பயில்வேனா? ஒரு முறை படிக்கும் கதைக்கு மின்னூல் போதும். பயில வேண்டிய பாட நூலும் இலக்கண நூலும் உரையோடு கூடிய இலக்கியமும் அச்சிலேயே இருக்கட்டும்.

இரண்டாம் வினா: இது எனக்கு வேறு வழியிற் கிடைக்குமா? 1954-ஆம் ஆண்டுச் சட்டம், நம் நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைக் கல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்துக்கும் வேறு மூன்று பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும் என்று விதித்தது. அம்மூன்றில் ஒன்று டில்லிப் பொது நூலகம். அங்கே தமிழ் நூலைத் தேடிப் பாராமல் பணத்தைச் செலவிடுவது முறையா?

மூன்றாம் வினா: எனக்குப் பின் இதனை யார் படிப்பார்? ஒருவருமில்லை என்றால் எவ்வடிவமும் ஒன்றே. யாரேனும் உண்டு என்றால், கைமாறக் கூடிய வடிவமே வேண்டும்.

தம்பி சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “ஊரிலே தங்கை பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள் அண்ணா. நான் படித்துவிட்டு வைத்ததையெல்லாம் அவள்தான் படிப்பாள்” என்றான். விடை அவனுக்கே கிடைத்துவிட்டது. அவன் கருவி வாங்கவில்லை. எட்டு நூல்களை மட்டும் அச்சில் வாங்கினான். எஞ்சிய பணத்தை அடுத்த தவணைக்கென்று வைத்துக்கொண்டான்.

ஆயினும் என் மனத்தில் ஒரு குறை எஞ்சியது. பொதுவுடைமையான அத்தனை தமிழ் நூல்களும் விலையின்றிக் கிடைக்க, கருவி இல்லாமையால் அவன் அவற்றைச் சிறிய கைப்பேசியிற் கண் கூசப் படிப்பதா? ஆதலின் நம் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் நூல் அலமாரியில் மின்படிப்பான்கள் இரண்டை வாங்கி வையுங்கள். பொதுவுடைமை நூல்களை அவற்றில் நிரப்புங்கள். அச்சு நூலைப் போலவே பதினைந்து நாள் தவணையில் உறுப்பினருக்குக் கொடுங்கள். தனி ஒருவர் வாங்கத் தயங்கும் கருவியை நாற்பது பேர் சேர்ந்து வாங்குவது அரிதன்று.

அந்த ஏட்டில் முதற் கையெழுத்தாகத் தம்பியின் பெயர் இருக்கட்டும்.