புண் ஆறிவிட்டது, நோய் ஆறவில்லை

அந்தக் கொத்தனார் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். செம்பு நிறத்தில், பொட்டுப் பொட்டாகத் தடிப்புகள். “சிமென்ட் ஒத்துக்கல மேடம்” என்றார். அரிக்கிறதா என்றேன். இல்லையாம். மருத்துவர் செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளங்காலிலும் அதே தடிப்பு. பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக இருந்த எனக்கு அதற்குமேல் பெரிய சந்தேகம் இல்லை. மெல்லக் கேட்டதும் சொன்னார்: இரண்டு மாதம் முன்பு ஆணுறுப்பில் ஒரு புண். வலியே கிடையாது. களிம்பு தடவினார், ஆறிவிட்டது.

நம்பிக்கை: புண் ஆறினால் நோய் போய்விட்டது.

உண்மை: சிபிலிஸ் புண் களிம்பு தடவினாலும் தடவாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். இந்த நோயின் சூதே அதுதான். கிருமி ரத்தத்தில் இறங்கிவிட்டது. சில வாரம் கழித்துத் தடிப்பாக வரும், அதுவும் மறையும். பிறகு பல வருடம் சத்தமே இருக்காது. கடைசியில் மூளையையோ இதயத்தையோ கண்ணையோ தாக்கலாம். நம் முன்னோர் மேகப்புண், கிரந்தி, பறங்கிப்புண் என்று எத்தனையோ பெயரிட்டு அஞ்சிய இந்த நோய்க்கு 1943 முதல் பென்சிலின் இருக்கிறது. ஆரம்ப நிலையில் பென்சதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே வேளை ஊசி. நாள்பட்டிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். ஊசி போட்ட அன்று காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம். கிருமிகள் கூட்டமாகச் சாவதால் வருவது அது. ‘ஊசி ஒத்துக்கல’ என்று மறுபடி வராமல் இருந்துவிடாதீர்கள். ரத்தத்தில் நோயின் அளவு குறைகிறதா என்று ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் பார்க்க வேண்டும்.

கொத்தனாரின் மனைவி மறுநாள் வந்தார். ஐந்தாம் மாதம். அவர் உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை, ரத்தத்தில் நோய் இருந்தது. விட்டிருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்திருக்கலாம், நோயோடும் பிறந்திருக்கலாம். பென்சிலின் தாய்க்குப் போட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேரும். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

நம்பிக்கை: எல்லாம் உடம்புச் சூடு. இளநீர், மோர் குடித்தால் அடங்கிவிடும்.

உண்மை: தண்ணீர் போதாமல் சிறுநீர் கடுப்பது உண்டு. ஆனால் சீழ் வடிவது சூட்டால் அல்ல. வெட்டை என்று நாம் சொல்லும் கொனோரியா, கிளமிடியா போன்றவற்றின் வேலை அது. பெண்களுக்கு வெள்ளைப்படுவதெல்லாம் நோயல்ல. நாற்றம், அரிப்பு, நிறமாற்றம், அடிவயிற்று வலி இருந்தால் காட்ட வேண்டும். பெரும்பாலான பெண்களுக்கு கிளமிடியா எந்த அறிகுறியும் காட்டாது. கவனிக்காமல் விட்டால் சத்தமில்லாமல் கருக்குழாயை அடைத்துவிடலாம். பிறகு குழந்தை இல்லை என்று ஊரே அவளைத்தான் பேசும். அந்தப் பேச்சைக் கேட்டு அழுத பெண்கள் எத்தனையோ பேர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நம்பிக்கை: மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கினால் போதும்.

உண்மை: “அண்ணே, நீர்க்கடுப்பு” என்று குரலைத் தாழ்த்தினால் பல கடைகளில் சிப்ரோஃப்ளாக்சசின் கிடைக்கும். கொனோரியா கிருமி அந்த மருந்துக்கு நம் நாட்டில் எப்போதோ பழகிவிட்டது. சரியான மருந்தே சாப்பிட்டாலும், துணைக்கும் சிகிச்சை தராவிட்டால் நோய் திரும்ப வரும். ஒருமுறை வந்தால் மறுமுறை வராது என்ற எதிர்ப்புச் சக்தியும் இதில் கிடையாது. இருவருக்கும் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் வரை உறவு கூடாது.

நம்பிக்கை: பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் ஒட்டிக்கொண்டது.

உண்மை: இந்தக் கிருமிகள் உடம்புக்கு வெளியே சீக்கிரம் செத்துவிடும். உறவினால்தான் வந்தது என்று ஒப்புக்கொள்ளக் கூச்சம் இருக்கும், புரிகிறது. ஆனால் அந்தப் பொய்யால் வீட்டில் இருப்பவர் சிகிச்சை இல்லாமல் நிற்கிறார்.

நம்பிக்கை: வந்தால் அவ்வளவுதான், தீராது.

உண்மை: சிபிலிஸ், கொனோரியா, கிளமிடியா, டிரைகோமோனாஸ் நான்கும் மருந்தால் முழுதாகத் தீரும். அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பிஸும் எச்ஐவியும் முழுதாகப் போகாது, ஆனால் மாத்திரையால் கட்டுப்படும். ஹெபடைடிஸ் பி, எச்பிவி இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. லாட்ஜில் அறை எடுத்து ‘ரகசிய நோய்’ என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ‘சுகவாழ்வு மையம்’ இதற்கென்றே இருக்கிறது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1097 என்ற இலவச எண்ணில் பேசிப் பாருங்கள். போகும்போது துணையையும் கூட்டிப் போங்கள்.