ஸ்டீரிங் சத்தமா? ரேக்கை மாற்றும் முன்...

ஈப்போவின் சிலிபினில் எந்தப் பட்டறைக்குள் காரை விடும் முன்னும், சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பழுது இருக்கும் இடத்தை அதுவே பாதி சொல்லிவிடும். நின்ற இடத்தில் திருப்பும்போது முனகினால், பவர் ஸ்டீரிங் எண்ணெயின் அளவைப் பாருங்கள்: குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி முனகும். எண்ணெயில் நுரை தெரிந்தால் குழாய் இணைப்புகளைத் துடைத்துக் கசிவைத் தேடுங்கள். வெறுமனே ஊற்றி நிரப்பினால் சத்தம் திரும்பி வரும். கையேட்டில் சொன்ன வகையையே ஊற்றுங்கள், வேறு எண்ணெய் ரப்பர் சீல்களைக் கெடுக்கலாம். கீச்சென்று கத்தினால் பெல்ட்டைப் பாருங்கள், தளர்ந்த பெல்ட் வழுக்கும். மைவி போன்ற மின் ஸ்டீரிங் கார்களில் இந்த எண்ணெயே கிடையாது.

பழைய ரப்பர்த் தோட்டச் செம்மண் பாதையில் குழிக்குக் குழி 'டொக்' என்றால் விஷயம் வேறு. முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தை இடவலமாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் முனையோ ரேக் எண்டோ தேய்ந்திருக்கும். ரேக்கையே மாற்றினால் ஒரேயடியாகத் தீருமே என்பார்கள். ஆனால் அப்சார்பரின் மேல் மவுண்டிங் தேய்ந்தாலும் இப்படித்தான் தட்டும். புது ரேக் அதைத் தீர்க்காது. ரேக்கின் ரப்பர் உறைக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் அந்தச் செலவு நியாயம். முனையை மாற்றியதும் அலைன்மென்ட் பாருங்கள், இல்லையேல் டயர் ஒருபக்கமாகத் தேயும். ஆடும் முனையோடு நெடுஞ்சாலை ஏறாதீர்கள்; அது கழன்றால் சக்கரம் ஸ்டீரிங்குக்குக் கட்டுப்படாது.