பேட்டரிக்குள் செல்களைச் சமப்படுத்துவது எப்படி?

உங்கள் லேப்டாப் பேட்டரி லேபிளில் 10.8 அல்லது 11.1 வோல்ட் என்றிருந்தால், உள்ளே லித்தியம் அயன் செல்கள் மூன்று அடுக்காகத் தொடரில் இணைக்கப்பட்டுள்ளன என்று பொருள். ஆறு செல் பேட்டரி என்றால் மூன்று ஜோடிகள். இவ்வகைச் செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சூடேறித் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே ஒன்று முந்திக்கொண்டு நிரம்பினாலே சார்ஜ் ஏறுவது நிறுத்தப்படும். மற்றவை அரைகுறைதான்!

இதற்காக ஒவ்வொரு அடுக்குக்கும் குறுக்கே ஒரு மாஸ்ஃபெட் சுவிட்சும் ரெசிஸ்டரும் வைக்கிறார்கள். முந்தும் அடுக்கின் சுவிட்ச் மட்டும் ஆன் ஆகி, உபரி மின்சாரத்தை வெப்பமாக வெளியேற்றும். வீண்தான், ஆனால் மலிவு. அதையே காயில் வழியாகப் பக்கத்துச் செல்லுக்கு மாற்றும் சர்க்யூட்டும் உண்டு; விலை அதிகம்.

“கெட்டுப்போன செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன்” என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இந்த சர்க்யூட் சார்ஜைத்தான் சமப்படுத்தும்; பழைய செல்லின் குறைந்துபோன கொள்ளளவை அல்ல.