எழும் மின்னல்

‘இடி விழுந்தது’ என்பது மக்கள் வழக்கு. விழுவது ஓசையன்று, மின்னோட்டமே என்பதை அறிவியல் கற்றோர் அறிவர். மிக உயர்ந்த கட்டுமானங்களிலோ அது விழுவதுகூட இல்லை. பெரும்பாலும் கீழிருந்து எழுகிறது. 381 மீட்டர் உயரமுள்ள நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் இதனைத் தெளிவாக்கியது. 1930களில் மக்கீக்ரன் என்னும் பொறியாளர், கட்டட உச்சியில் பாய்ந்த மின்னோட்டத்தின் பதிவுகளையும் தொலைவிலிருந்து எடுத்த ஒளிப்படங்களையும் ஒப்புநோக்கினார். பெரும்பாலான மின்னல்கள் கட்டட முனையில் தோன்றி மேகத்தை நோக்கி ஏறியிருந்தன.

கண்ணிமைக்கும் நேரத்தில் மறைவதை அளப்பது எவ்வாறு? தொடக்கத்தில் கைகொடுத்தவை, மின்கம்பிக் கோபுரங்களில் பொருத்தப்பட்ட சிறு எஃகுத் துண்டுகள். மின்னோட்டத்தின் காந்தப்புலம் அவற்றைக் காந்தமாக்கும். எஞ்சிய காந்தத்தன்மையைக் கொண்டு உச்ச மின்னோட்டத்தைக் கணித்தனர். எளிமையான உத்திதான், ஆயினும், அம்மின்னோட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை எஃகுத் துண்டு கூறாது.

அக்குறையை நீக்கியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் பெர்கர். லுகானோ நகரருகே சான் சால்வதோரே மலையுச்சியில் கோபுரம் நிறுவி, 1943 முதல் பல்லாண்டுகள் மின்னலுக்காகக் காத்திருந்தார். கோபுர உச்சியில் சிறு மின்தடை. அதன் வழியே மின்னல் பாயும்போது தோன்றும் மின்னழுத்தத்தை அலைவரைவி வரைந்தது. ஓம் விதியே இங்குப் பணிபுரிந்தது! மேகத்திலிருந்து இறங்கும் எதிர்மின் மின்னலின் முதல் வீச்சில் உச்ச மின்னோட்டத்தின் இடைநிலை மதிப்பு 30 கிலோஆம்பியர் என்பது அவர் தந்த முடிவு.

காற்றாலையில் மின்னல் செல்லும் பாதையை வெட்டி மின்தடையைச் செருகுவது எளிதன்று. ஆகவே, கோபுரத்தின் அடிப்பகுதியைச் சுற்றி ரோகோவ்ஸ்கி சுருள் என்னும் கம்பிச்சுருளை அணிவிப்பர். மின்னோட்டம் மாறும் வீதத்திற்கேற்ப அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். அதனைத் தொகையிட்டால் மின்னோட்டம் கிடைக்கும். இடர்ப்பாடும் இங்கேதான் உள்ளது. மெல்ல மாறும் மின்னோட்டத்தைத் தரமற்ற சுருள் உணராது. எழும் மின்னலில் மிகுந்திருப்பதோ அத்தகைய மின்னோட்டமே.

30,000 ஆம்பியர் 50 மைக்ரோவிநாடி பாய்ந்தால் சேரும் மின்னூட்டம் 1.5 கூலூம். 300 ஆம்பியர் அரை விநாடி பாய்ந்தால் 150 கூலூம்! இறக்கை நுனியிலுள்ள உலோகத்தை உருக்குவது பெரிதும் இம்மின்னூட்டமே. உச்ச அளவை மட்டும் நோக்குபவர் இரண்டாவதைச் சிறு மின்னல் எனத் தள்ளிவிடுவார். தொலைவிலிருந்து வானொலி அலைகளைக் கொண்டு மின்னலைக் கண்டறியும் நிலையங்களும் திடீர் வீச்சற்ற இத்தகைய மின்னலைத் தவறவிடுவதுண்டு. பதிவேட்டில் மின்னலே இராது. இறக்கையிலோ விரிசல் இருக்கும். அவ்விறக்கை தொடர்ந்து சுழன்றால் விரிசல் வளரும். முறிந்து வீழவும் கூடும்.

ஜப்பானின் மேற்குக் கடற்கரையில் இவ்வச்சம் மிகுதி. அங்குக் குளிர்காலப் புயல்மேகங்கள் தாழ்ந்து தவழ்கின்றன. காற்றாலைகளின் வடிவமைப்பிற்குப் பன்னாட்டுத் தரம் வகுத்த மேல்நிலை அளவான 300 கூலூமைக் கடந்த மின்னல்களும் அங்குப் பதிவாகியுள்ளன. எனவே, அப்பகுதிக் காற்றாலைகளில் மின்னலை உணர்ந்தவுடன் சுழற்சியை நிறுத்தும் ஏற்பாடு உண்டு. காற்று எவ்வளவு நன்றாக வீசினாலும், இறக்கைகளை ஆய்ந்த பின்னரே அவை மீண்டும் சுழலவிடப்படுகின்றன.