மேல் நீதிமன்றம் எதைக் கேட்கிறது?

சென்ற தவணையில் தரம் 11 மாணவி ஒருத்தி தமிழகச் செய்தித்தாளின் நறுக்கு ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைப் பற்றிய செய்தி அது. "டீச்சர், கொழும்பில் உள்ள உயர் நீதிமன்றமும் இதுவும் ஒரே மாதிரியா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்பது மாநில மட்டத்து மன்றம். அதற்கு மேலே டில்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நமது நாட்டில் உயர் நீதிமன்றம் என்பதே ஆகவும் உயர்ந்த மன்றம். அங்கே ஆங்கிலத்தில் 'ஹை கோர்ட்' எனப்படுவதை இங்கே நாம் மேல் நீதிமன்றம் என்கிறோம். தமிழ் ஒன்றாக இருந்தாலும் சட்டச் சொற்கள் பாக்கு நீரிணையைக் கடக்கும்போது பொருள் மாறிவிடுகின்றன. இரு நாட்டுச் செய்திகளையும் வாசிக்கும் மாணவிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல் நீதிமன்றம் என்றதும் நமக்குக் கொலை வழக்கும் போதைப்பொருள் வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. பத்திரிகைகள் அவற்றைத்தான் முதற்பக்கத்தில் போடுகின்றன. ஆனால் பெரும்பாலான குடும்பங்களை அந்த மன்றம் தொடுவது வேறு வழிகளில்: வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவர், சரக்கை அனுப்பிவிட்டுப் பணம் கிடைக்காத ஒரு வியாபாரி, எல்லை வேலிக்காக அண்டை வீட்டாரோடு பத்து வருடம் பேசாமல் இருக்கும் ஒரு குடும்பம். இவர்களின் பிணக்குகளை மேல் நீதிமன்றம் எப்படித் தீர்க்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பாடநூலில் நீதிமன்றங்களை ஓர் ஏணியாக வரைந்து காட்டுவோம். கீழே நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும், அதற்கு மேல் மேல் நீதிமன்றம், பிறகு மேன்முறையீட்டு நீதிமன்றம், உச்சியில் உயர் நீதிமன்றம். பரீட்சைக்கு அது போதும். வாழ்க்கைக்குப் போதாது. நான் பார்க்கும் மூன்று வகைப் பிணக்குகளும் மூன்று வெவ்வேறு வாசல்களால் மேல் நீதிமன்றத்துக்குள் நுழைகின்றன. அந்த வாசலைப் பொறுத்தே நீதிபதி கேட்கும் கேள்வியும் மாறுகிறது.

தொழில் பிணக்கிலிருந்து தொடங்குகிறேன். அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன் பழைய மாணவி ஒருத்தியின் தாய் ஒரு பொலித்தீன் பை நிறையக் காகிதங்களோடு என்னைப் பார்க்க வந்தார். ஒரு புடைவைக் கடையில் ஒன்பது வருடம் விற்பனை வேலை பார்த்தவர். ஒருநாள் மாலை முதலாளி, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டார். கடிதம் எதுவும் இல்லை. கெஞ்சிக் கேட்டபோது, "பெருநாள் முடியட்டும், பார்ப்போம்" என்றாராம். இவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் வந்தபோது ஏழு மாதமும் சில நாட்களும் கடந்திருந்தன.

1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலமே தொழில் நியாயசபைகள் உருவாகின. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தானாகவே அங்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்சங்கம் அவருக்காகப் பேசலாம். சபையின் தலைவர் சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் இறுக்கமான விதிகளுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். 'நீதியானதும் ஒப்புரவானதும்' என்று தமக்குப் படும் கட்டளையை அவர் வழங்கலாம். வேலை ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலும்கூட வழங்கலாம். இது சாதாரண நீதிமன்றத்துக்கு இல்லாத சுதந்திரம். இவ்வளவு சுதந்திரம் உள்ள ஒன்றை நீதிமன்றம் என்று அழைக்கலாமா என்ற சந்தேகம் இலண்டன் கோமறைக் கழகம் வரை போனது. 1967 இல் அதன் பெரும்பான்மை நீதிபதிகள், இச்சபையின் தலைவர் செய்வது நீதித்துறை அதிகாரத்தைச் செலுத்துவது ஆகாது என்று தீர்மானித்தார்கள். இருக்கின்ற உரிமையைக் கண்டுபிடிப்பதை விட, எது நியாயம் என்று பார்ப்பதே அவர் வேலை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

ஆனால் இந்தத் தாராளமான வாசலுக்கு ஒரு பூட்டு உண்டு. வேலை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்ற காலக்கெடு 2003 இல் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. அந்தத் தாய் வாசலுக்கு வந்தபோது பூட்டு விழுந்துவிட்டது. 'பெருநாள் முடியட்டும்' என்ற வார்த்தைக்கு ஒன்பது வருட உழைப்பின் விலை.

அவர் காலத்துக்குள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலாளி "நான் நிறுத்தினேன்" என்று ஒப்புக்கொண்டால், ஏன் நிறுத்தினேன் என்று நியாயப்படுத்தும் சுமை அவருடையது. "நான் நிறுத்தவே இல்லை, அவர்தான் வராமல் விட்டார்" என்று மறுத்தால், நிறுத்தப்பட்டதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழும். கடிதம் இல்லாத இடத்தில் இந்த இரண்டாவது பதில் மிகவும் வசதியானது. ஆகவே அடுத்த நாளே, "நேற்று என்னை வர வேண்டாம் என்றீர்கள்" என்று முதலாளிக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, அதன் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருப்பது பெரிய உதவி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலருக்கு இது வியப்பாக இருக்கும். களவு போன்ற குற்றச்சாட்டு சுமத்தப்பட்டு ஒருவர் நீக்கப்பட்டாலும், தொழில் நியாயசபையில் அதை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்கக்கூடியது என்று நிகழ்தகவைச் சீர்தூக்கிப் பார்த்தால் போதும் என்று 1975 இல் நமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. நீதவான் நீதிமன்றத்தில் விடுதலையான ஒருவர் நியாயசபையில் தோற்பது இதனால் சாத்தியமாகிறது. இரண்டு தீர்ப்புகளும் முரண் போலத் தோன்றும். அளவுகோல்தான் வேறு.

இப்போது மேல் நீதிமன்றத்துக்கு வருவோம். நியாயசபையின் கட்டளையில் திருப்தி இல்லாதவர் 30 நாட்களுக்குள் அந்த மாகாணத்தின் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மாகாண மேல் நீதிமன்றங்களைத் தோற்றுவித்தது. 1990 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் இந்த மேன்முறையீடுகளை அவற்றிடம் கொடுத்தது. ஆனால் அங்கே மீண்டும் முழுக்கதையையும் சொல்ல முடியாது. சட்ட வினா ஒன்றின் மீது மட்டுமே மேன்முறையீடு அனுமதிக்கப்படுகிறது.

சட்ட வினா என்றால் என்ன? கடையின் காசுப் பெட்டியில் பணம் குறைந்ததா என்பது சம்பவம் பற்றிய வினா. பணம் குறைந்தது என்று காட்ட ஒரு சாட்சியம்கூட இல்லாதபோது, குறைந்தது என்று தலைவர் முடிவெடுக்கலாமா என்பது சட்ட வினா. 1977 இல் ஒரு தோட்டக் கம்பனியின் வழக்கில் நீதியரசர் சர்வானந்தா இந்தக் கோட்டைத் தெளிவாக வரைந்தார். முடிவைத் தாங்கச் சாட்சியம் இருந்தால், மேல்மட்ட மன்றம் தானாக இருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கும் என்பதற்காக அதை மாற்றக்கூடாது. சாட்சியமே இல்லை, அல்லது சாட்சியத்தோடு முடிவு முரண்படுகிறது என்றால் மட்டுமே தலையிடலாம். தோற்றவர்களுக்கு இது கடினமான விதி. "நீதிபதி என் பக்கத்தைக் கேட்கவே இல்லை" என்று வீட்டுக்கு வந்து சொல்வார்கள். அவர் கேட்க முடியாத இடத்தில்தான் இருந்தார்.

நட்டஈட்டுத் தொகையிலும் மேல்மட்ட மன்றங்கள் தலையிடுகின்றன. வானத்திலிருந்து பறித்ததுபோல ஒரு தொகையைச் சொல்லக்கூடாது, காரணம் காட்டிக் கணக்கிட வேண்டும் என்பதை 1995 இல் நீதியரசர் அமரசிங்க ஒரு பெருந்தோட்டக் கூட்டுத்தாபன வழக்கில் விரிவாக எழுதினார். தொழிலாளியின் வயது, சேவைக்காலம், சம்பளம், வேறு வேலை கிடைக்கும் வாய்ப்பு, அவர் நீக்கப்பட்ட விதம் எல்லாம் அந்தக் கணக்குக்குள் வரும்.

வர்த்தகப் பிணக்கின் வாசல் இதற்கு நேர் எதிரானது. இங்கே மேல் நீதிமன்றம் மேன்முறையீட்டைக் கேட்பதில்லை. அதுவே முதல் மன்றம். 1996 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வங்கி, காப்புறுதி, ஏற்றுமதி இறக்குமதி போன்ற வர்த்தகக் கொடுக்கல் வாங்கல்களில் எழும் பெருந்தொகை வழக்குகள் கொழும்பிலுள்ள வர்த்தக மேல் நீதிமன்றத்துக்குப் போகின்றன. தொடக்கத்தில் 10 இலட்சம் ரூபாவைத் தாண்டிய கோரிக்கைகள் என்று வரையறுக்கப்பட்டது. பின்னர் அந்த எல்லை உயர்த்தப்பட்டது. அங்கு வழங்கப்படும் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போவதில்லை. நேரே உயர் நீதிமன்றம்தான். நமது ஏணியில் ஒரு படியைத் தாண்டிப் பாய்கிறார்கள்.

அங்கே பேசுவது பெரும்பாலும் காகிதம். இன்வொய்ஸ், கப்பல் பத்திரம், வங்கிக் கூற்று, மின்னஞ்சல். நமது வியாபாரக் குடும்பங்களில் நம்பிக்கையின் பேரில் கொடுக்கல் வாங்கல் நடப்பது பழைய வழக்கம், மதிப்புக்குரிய வழக்கமும்தான். ஆனால் நம்பிக்கை உடைந்த நாளில் நீதிபதி கேட்பது, "யார் எதில் கையொப்பமிட்டார்?" என்பதை.

இதைவிடச் சிறிய தொகைகள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு பழைய சட்டம் காத்திருக்கிறது: 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச்சட்டம். எழுத்திலான ஒப்பந்தத்தின் மீது வழக்கிட ஆறு வருடம் உண்டு. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். விற்று ஒப்படைத்த சரக்கு, கடை பில், கொப்பியில் எழுதிய கடன் ஆகியவற்றுக்கு ஒரே ஒரு வருடம்! கடன் கொப்பியை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்து பிறகு சட்டத்தரணியிடம் கொண்டுபோகும் வாப்பாமார்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். கடனாளி தன் கையொப்பத்தோடு கடனை ஏற்று எழுதித் தந்தாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ அந்தக் காலம் புதிதாக ஓடத் தொடங்கலாம். ஆகவே ஐயாயிரம் ரூபா திரும்பி வந்தாலும் திகதி போட்டு எழுதி, இருவரும் கையொப்பமிடுவது நல்லது.

மூன்றாவது, காணி முதலான குடியியல் வழக்குகள். இவை மாவட்ட நீதிமன்றத்தில் விசாரிக்கப்படுகின்றன. முன்பு மேன்முறையீட்டுக்கு எல்லோரும் கொழும்புக்கே போக வேண்டியிருந்தது. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் அந்த வேலையை மாகாணங்களுக்குக் கொண்டுவந்தது. யாழ்ப்பாணம், கண்டி, குருநாகல் போன்ற இடங்களில் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றங்கள் இப்போது அமர்கின்றன. குறைந்தது இரண்டு நீதிபதிகள் சேர்ந்து கேட்பார்கள். அவர்களின் தீர்ப்பிலும் திருப்தி இல்லாவிட்டால், அனுமதி பெற்று உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அந்த இரு நீதிபதிகளும் சாட்சிகளைப் பார்ப்பதில்லை. அவர்கள் முன் இருப்பது மாவட்ட நீதிமன்றத்தின் வழக்கேடு மட்டுமே. சாட்சிக் கூண்டில் நின்றவர் தடுமாறினாரா, நிதானமாகப் பேசினாரா என்று நேரில் கண்டவர் மாவட்ட நீதிபதி. ஆகவே யாரை நம்புவது என்ற விடயத்தில் அவரின் முடிவை மேல் நீதிமன்றம் எளிதில் புறந்தள்ளாது. கீழ் மன்றத்தில் தவறு நடந்ததாகக் காட்டினாலும் போதாது. அந்தத் தவறு தரப்பினரின் முக்கிய உரிமையைப் பாதித்ததா, நீதி தவறச் செய்ததா என்று பார்க்க வேண்டும் என அரசியலமைப்பின் 138 ஆவது உறுப்புரை சொல்கிறது.

வழக்கில் இரு தரப்பும் 'எழுவினாக்கள்' எனப்படும் கேள்விகளை முன்வைக்கும். அவை பதியப்பட்ட பின் வழக்கு அந்தக் கேள்விகளாகவே உறைந்துவிடுகிறது, முன்பு எழுதிய வழக்குரைகள் பின்னால் போய்விடுகின்றன என்பது பிரதம நீதியரசர் ஜீ. பி. எஸ். டி சில்வா வழங்கிய, 1998 ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான ஒரு தீர்ப்பின் கருத்து. எழுவினாவில் கேட்காத ஒன்றை, அதுவும் சாட்சியம் தேவைப்படும் ஒன்றை, மேன்முறையீட்டில் புதிதாகக் கிளப்ப முடியாது. "இந்தக் காணியை மாமா எனக்கு வாயால் விற்றார்" என்ற கதைக்கும் அங்கே இடமில்லை. 1840 முதல் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு எழுத்தில் நடந்திருக்க வேண்டும்.

நாட்கணக்கும் கடுமையானது. தீர்ப்பு வந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலைக் கொடுக்க வேண்டும். இதில் ஞாயிறும் பொது விடுமுறையும் கழிக்கப்படும். மேன்முறையீட்டு மனுவை 60 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். தோற்ற கவலையில் ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டுச் சட்டத்தரணியைத் தேடுபவருக்கு முதல் திகதி ஏற்கனவே போயிருக்கும்.

அந்தத் தாயின் காகிதப் பையை அன்று மேசையில் கொட்டி, சம்பளச் சிட்டைகளையும் ஊழியர் சேமலாப நிதிக் கூற்றுகளையும் திகதி வாரியாக அடுக்கியது அவருடைய மகள்தான். வேலையைத் திரும்பப் பெறும் வழி மூடியிருந்தது. ஆனால் நாலு வருடத்துக்கு முதலாளி சேமலாப நிதிக்குப் பணம் கட்டவில்லை என்பது அந்த அடுக்கில் தெரிந்தது. அதற்கு அந்த ஆறு மாதப் பூட்டு இல்லை. அடுத்த திங்கட்கிழமை தாயும் மகளும் தொழில் அலுவலகத்துக்குப் போனார்கள்.