ஊர்ப்பெயரும் உள்ளீட்டுத் தாரையும்

நுழையும்முன்

எழுத்தை ஒலியாகவும் வரிவடிவாகவும் நாம் அறிவோம். கணினி அதனை எண்ணாகவே அறியும். ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு உருவான சி மொழி, தமிழ் ஊர்ப்பெயர் ஒன்றைக் கோப்பிலிருந்து படிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கரிசல் காட்டுப் பட்டியல்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் நெல் விளையும். பெருகாவிட்டால் பருத்தியும் சோளமும் கம்புமே துணை. மழை பொய்த்த ஆண்டில் பயிர்க் காப்பீட்டுப் பட்டியலில் தம் ஊர்ப்பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதே இங்குள்ள உழவரின் முதல் வேலை. அத்தகைய பட்டியல் ஒன்றைச் சி மொழி நிரல் படிப்பதாகக் கொள்வோம்.

பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கிய 1970களின் தொடக்கத்தில், 128 இடங்கள் கொண்ட ஆஸ்கி குறியீடே பெருவழக்கு. ஒரு குறியுருவுக்கு ஒரு பைட் போதுமானதாக இருந்தது. ஒருங்குறியிலோ தமிழுக்கெனத் தனிப்பகுதி உண்டு. கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது அப்பகுதியின் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளைக் கொள்ளும்.

திருச்சுழி என்னும் பெயரை எண்ணிப் பார்க்கலாம். தமிழ் மாணவர்க்கு அதில் ஐந்தெழுத்து: தி, ரு, ச், சு, ழி. ஒருங்குறிக்கோ பத்துக் குறிகள். மெய்யின் வடிவம் ஒன்று, அதன்மேல் ஏறும் உயிர்க்குறியோ புள்ளியோ மற்றொன்று எனப் பிரித்து வைப்பதால் எண்ணிக்கை இரட்டிக்கிறது. கோப்பில் அது 30 பைட். அருப்புக்கோட்டை எட்டெழுத்து, பதினைந்து குறி, 45 பைட். ஊர்ப்பெயருக்கு 20 பைட் போதும் என்று கருதி நிரலர் இடம் ஒதுக்கினால், 'அருப்ப' என்ற அளவில் பெயர் நின்றுவிடும். அதனையடுத்து வரும் உகரக் குறியின் மூன்று பைட்டுகளுள் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு, திரையில் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ தோன்றும்.

அகலக் குறியுரு

இதற்கு மாற்றாகச் சி மொழியில் அகலக் குறியுரு என்னும் தரவினம் உண்டு. 1995இல் சி மொழித் தரத்தில் செய்யப்பட்ட திருத்தம் அதற்குரிய படிக்கும் செயற்கூறுகளைச் சேர்த்தது. அவற்றுள் முதன்மையானது எஃப்கெட்டபிள்யூசி. கோப்பில் இருப்பவை பைட்டுகளே. இச்செயற்கூறு ஒரு குறிக்குத் தேவையான பைட்டுகளைத் தாரையிலிருந்து எடுத்து, அவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக்கித் தருகிறது. மூன்று பைட்டுகளைக் கொடுத்து ஒரு தகரத்தைப் பெறுவது போன்றது இது.

எத்தனை பைட்டுகளைச் சேர்க்க வேண்டும், எம்முறையில் சேர்க்க வேண்டும் என்பதை 'இடஅமைவு' தீர்மானிக்கிறது. நிரல் தொடங்கும்போது 'சி' என்னும் எளிய இடஅமைவே நடப்பில் இருக்கும்; அதற்குத் தமிழும் தெரியாது, யூடிஎஃப்-8உம் தெரியாது. ஆகவே செட்லோக்கேல் என்னும் செயற்கூற்றை அழைத்துப் பயனரின் இடஅமைவை ஏற்கச் செய்த பின்னரே படிக்கத் தொடங்க வேண்டும். இவ்வொரு வரியை மறந்துவிட்டுக் கோப்பைக் குறைகூறுவோர் பலர். மேலும், ஒரு தாரையில் முதலில் செய்யும் செயலே அதன் போக்கை உறுதி செய்துவிடும்; பைட்டாகப் படிக்கத் தொடங்கிய தாரையை இடையில் அகலக் குறியுருவாகப் படித்தல் ஆகாது.

முடிவா, பிழையா?

ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ்க் கோப்புகள் பல்வேறு எட்டுபிட் குறியீடுகளில் எழுதப்பட்டன. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியீடுகள் தரமாக்கப்பட்டன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியீட்டையும் ஏற்றது. எனினும், பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டிய ஒருவரி புதிய பட்டியலுக்குள் இன்றும் புகுந்துவிடக்கூடும்.

அவ்வாறு பந்தல்குடிக்கு அடுத்த வரி பழைய குறியீட்டில் இருப்பதாகக் கொள்வோம். அவ்வரியின் பைட்டுகள் யூடிஎஃப்-8 முறைக்குப் பொருந்தாதபோது எஃப்கெட்டபிள்யூசி, டபிள்யூஇஓஎஃப் என்னும் மதிப்பைத் திருப்பி அனுப்புகிறது. கோப்பு முடிந்தாலும் அதே மதிப்புத்தான் வரும். 'அம்மதிப்பு வரும்வரை படி' என்று மட்டும் எழுதப்பட்ட நிரல், பட்டியல் முடிந்தது என்று கருதி அமைதியாக நின்றுவிடும். கீழே இருந்த கல்லூரணியும் நரிக்குடியும் விடுபட்டுப்போகும். எச்சரிக்கை எதுவும் தோன்றாது. பட்டியல் சற்றுக் குறுகியிருக்கும், அவ்வளவே. திரையில் கட்டம் தோன்றினாலாவது யாரேனும் வினவுவர். விடுபட்ட ஊரை அவ்வூரார் தவிர யார் தேடுவார்? எனவே, அம்மதிப்பு வந்தவுடன் ஃபெர்ரர் என்னும் செயற்கூற்றால் தாரையில் பிழை நேர்ந்ததா எனச் சோதித்து, பிழையெனில் வரி எண்ணுடன் அறிவிக்குமாறு நிரலை எழுத வேண்டும்.

குறி வேறு, எழுத்து வேறு

அகலக் குறியுரு பைட்டுகள் சிதையாமல் காக்கும், எழுத்தைக் காப்பதில்லை. திருச்சுழியை ஐந்து குறிகளோடு நிறுத்தினால் 'திருச' என்று புள்ளியிழந்து நிற்கும். 'கோ' என்பதைக் ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறிகளாலும், ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே இட்டு மூன்று குறிகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு அவை இருவேறு ஊர்கள்.

அகலக் குறியுருவின் அகலமும் எங்கும் ஒன்றன்று. லினக்சில் அது 32 பிட். விண்டோசில் 16 பிட். நாள்தோறும் வழங்கும் தமிழ் எழுத்துகள் 16 பிட்டுக்குள் அடங்கும். ஆனால், பழைய நிலக்கணக்கிலும் நெற்கணக்கிலும் வழங்கிய குறிகள் 2019இல் ஒருங்குறியின் தமிழ்க் கூடுதல் பகுதியில் சேர்க்கப்பட்டன. முந்திரி முதலிய பின்னங்களும் நன்செய், புன்செய்க் குறிகளும் அவற்றுள் அடங்கும். அவை 16 பிட்டுக்கு அப்பால் உள்ளவை. கரிசல் நிலத்துக்குரிய புன்செய்க் குறியைக் கோப்பில் எழுத 4 பைட்டுகள் வேண்டும். விண்டோசில் படித்து வைக்க இரண்டு அகலக் குறியுருக்கள் வேண்டும்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்ப்பெயரின் எழுத்துகளையும் குறிகளையும் பைட்டுகளையும் தனித்தனியே எண்ணுக. 20 பைட்டில் அப்பெயர் எவ்விடத்தில் அறுபடும் என எழுதிக் காட்டுக.